ஸ்பானிஷ் சப்ஜங்டிவில் திரியும் வினைகள்: பிழையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

'நான் நினைக்கிறேன்' என்பது பியேன்ஸொ. 'நாங்கள் நினைக்கிறோம்' என்பது பென்ஸாமொஸ். சாதாரண நிகழ்காலத்தில் இந்த ஏற்ற இறக்கம் நாக்குக்குப் பழகிய பிறகுதான் சப்ஜங்டிவ் (விருப்பம், ஐயம், ஏவல் போன்ற இடங்களில் வரும் வினை வடிவம்) பாடம் வரும். வந்ததும் பலருக்குப் பழகியதும் கலைந்துபோகிறது. பியென்ஸேமொஸ் என்கிறார்கள், தொர்மாமொஸ் என்கிறார்கள், தியேங்க என்கிறார்கள். மூன்றும் பிழைதான், ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக ஆறு வடிவங்களையும் மறுபடி மனப்பாடம் செய்தால் எதுவும் சரியாகாது. உங்கள் வாயில் எந்தப் பிழை வருகிறதோ அந்த அறிகுறிக்குக் கீழே படியுங்கள்.

படிப்பதற்கு முன் எழுத்து முறை பற்றிக் கொஞ்சம். ஸ்பானிஷ் சொல்லில் அழுத்தம் விழும் அசையை இங்கே நெடிலில் எழுதியிருக்கிறது, மற்ற அசைகள் குறிலில். பென்ஸார் என்றால் கடைசி அசையில் அழுத்தம், பியேன்ஸொ என்றால் முதல் அசையில். நெடிலை இழுக்க வேண்டாம், ஓங்கிச் சொன்னால் போதும். 'ன்த' வல்லோசை, 'ந்த' மெல்லோசை. வகரம் வரும் இடத்தில் ஸ்பானிஷ்காரர்கள் உதட்டை ஒட்டி மென்மையான பகரமாகச் சொல்வார்கள். சகர ஓசைகள் லத்தீன் அமெரிக்க வழக்கில் உள்ளன.

இந்தக் குறில் நெடில் ஏற்பாடு வசதிக்காக மட்டும் வைத்ததில்லை. இந்தத் திரிபுகள் முழுக்க அழுத்தத்தை ஒட்டியே நடக்கின்றன. தமிழில் கல், கால் என்று நீளத்தால் பொருள் மாறும், அழுத்தத்தால் மாறாது. அதனால் ஸ்பானிஷைப் படிக்கும்போது எல்லா அசையையும் ஒரே மட்டத்தில் சொல்லிவிட்டுப் போகிறோம். எங்கே திரியும் என்று காட்டும் ஒரே அடையாளம் அங்கேயே தொலைந்துவிடுகிறது.

உருவாக்கும் முறை, சுருக்கமாக

யோ ('நான்') வடிவத்தை எடுங்கள். கடைசி ஒகரத்தை நீக்குங்கள். மிஞ்சுவது பகுதி. -ஆர் வினையானால் எகர விகுதி சேர்க்க வேண்டும், -ஏர், -ஈர் வினையானால் அகர விகுதி. பியேன்ஸொ, அதிலிருந்து பியேன்ஸெ. புவேதொ, அதிலிருந்து புவேத. பீதொ, அதிலிருந்து பீத. கீழே ஆறு வடிவங்களும் நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் உள்ளன.

பென்ஸார் (நினைத்தல்): பியேன்ஸெ, பியேன்ஸெஸ், பியேன்ஸெ, பென்ஸேமொஸ், பென்ஸேய்ஸ், பியேன்ஸென்.
பொதேர் (இயலுதல்): புவேத, புவேதஸ், புவேத, பொதாமொஸ், பொதாய்ஸ், புவேதன்.
தொர்மீர் (தூங்குதல்): துவேர்ம, துவேர்மஸ், துவேர்ம, துர்மாமொஸ், துர்மாய்ஸ், துவேர்மன்.
பெதீர் (கேட்டு வாங்குதல்): பீத, பீதஸ், பீத, பிதாமொஸ், பிதாய்ஸ், பீதன்.

ஐந்தாவது வடிவம் வொஸோத்ரொஸ், ஸ்பெயினில் நெருங்கியவர்களைப் பன்மையில் அழைப்பது. லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்திலும் ஆறாவது வடிவமே வரும். ஆகவே மெக்சிகோ, பெரு, கொலம்பியா பக்கம் பேசுவதற்காகக் கற்பவர்கள் ஐந்தாவதைத் தள்ளிப் போடலாம். நான்காவதைத் தள்ள முடியாது, கோளாறுகளில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி: 'நாங்கள்' வடிவத்திலும் இயே, உவே வந்துவிடுகிறது

வாயில் வருவது: பியென்ஸேமொஸ், புவெதாமொஸ், வுவெல்வாமொஸ், எம்பியெஸேமொஸ்.
வர வேண்டியது: பென்ஸேமொஸ், பொதாமொஸ், வொல்வாமொஸ், எம்பெஸேமொஸ்.

காரணம்: 'யோ வடிவத்திலிருந்து உருவாக்கு' என்ற விதியை ஆறு இடத்துக்கும் அப்படியே பொருத்திவிட்டீர்கள். அந்த விதி மெய்யெழுத்துகளுக்கு ஆறிலும் செல்லும். உயிரெழுத்துக்குச் செல்லாது. பகுதியில் அழுத்தம் இருக்கும்வரைதான் எ என்பது இயே ஆகும், ஒ என்பது உவே ஆகும். பென்ஸேமொஸ் என்பதில் அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிட்டது. பகுதியில் குறில்தான் மிச்சம், அங்கே திரிபு வர வழியில்லை.

இந்த மொழி முழுக்கவே இப்படித்தான். ஏழு ஸியேதெ, எழுபது ஸெதேன்த. ஒன்பது நுவேவெ, தொண்ணூறு நொவேன்த. கதவு புவேர்த, வாயில்காப்பவர் பொர்தேரொ. லத்தீனில் குறிலாக இருந்த எகர ஒகரங்கள் அழுத்தம் பட்ட இடத்தில் இயே, உவே என்று பிளந்தன, படாத இடத்தில் பழையபடி நின்றன. வா என்பது வருகிறான், வந்தான் என்று குறுகுவதற்கு நாம் விதி தேடுவதில்லை. எண்ணுப் பெயர்களைப் பத்து முறை வாய்விட்டுச் சொன்னால் இதுவும் அதே மாதிரி ஊறிவிடும்.

திருத்தும் வழி: எழுதுவதை நிறுத்திவிட்டு மேசையில் தட்டிச் சொல்லுங்கள். அழுத்தம் விழும் அசையில் ஒரு தட்டு. தட்டு பகுதியில் விழுந்தால் இயே, உவே. விகுதியில் விழுந்தால் மூல உயிர். பத்து வினை போதும்: பென்ஸார், ஸெர்ரார் (மூடுதல்), எம்பெஸார் (தொடங்குதல்), கொன்தார் (எண்ணுதல், கதை சொல்லுதல்), என்கொன்த்ரார் (கண்டுபிடித்தல்), ரெகொர்தார் (நினைவுகூர்தல்), வொல்வேர் (திரும்புதல்), பொதேர், கெரேர் (விரும்புதல்), என்தெந்தேர் (புரிதல்).

சொல்முதல் எகரத்தை 'யெ' என்று ஒலிப்பது தமிழ்ப் பேச்சுப் பழக்கம். எப்போது என்பதை யெப்போ என்கிறோமே, அது. எம்பெஸேமொஸ், என்தெந்தாமொஸ் என்று நீங்கள் சரியாக நினைத்துச் சொன்னாலும் முதலில் ஒரு யகரம் ஒட்டிக்கொள்ளும். அது இலக்கணப் பிழையில்லை, உச்சரிப்பு மட்டும்தான். ஆனால் எர்ரார் (தவறுதல்) போன்ற வினையில் யேர்ரெ, எர்ரேமொஸ் என்ற வேறுபாடே இந்த யகரத்தில்தான் நிற்கிறது. அங்கே கவனம் வேண்டும்.

அறிகுறி: மேலே சொன்னபடி செய்தும் தொர்மாமொஸ், ஸென்தாமொஸ், பெதாமொஸ் தவறாகிறது

இதுதான் நன்றாகப் படித்தவர்களையும் விழத்தட்டும் இடம். அழுத்தம் விகுதிக்குப் போனதும் மூல உயிருக்குத் திரும்பினீர்கள். -ஆர், -ஏர் வினைகளில் அது சரி. -ஈர் வினைகளில் பாதிதான் சரி. இயே, உவே வராது என்பது உண்மை, ஆனால் மூல உயிரும் அங்கே நிற்காது. எ என்பது இ ஆகும், ஒ என்பது உ ஆகும்.

ஸென்தீர் (உணர்தல்): ஸியேன்த, ஸின்தாமொஸ்.
ப்ரெஃபெரீர் (அதிகம் விரும்புதல்): ப்ரெஃபியேர, ப்ரெஃபிராமொஸ்.
மென்தீர் (பொய் சொல்லுதல்): மியேன்த, மின்தாமொஸ்.
மொரீர் (இறத்தல்): முவேர, முராமொஸ்.
ஸெர்வீர் (பரிமாறுதல், பயன்படுதல்): ஸீர்வ, ஸிர்வாமொஸ்.
ரெபெதீர் (திரும்பச் செய்தல்): ரெபீத, ரெபிதாமொஸ்.

சாதாரண நிகழ்காலத்தில் இதே 'நாங்கள்' வடிவம் தொர்மீமொஸ், ஸென்தீமொஸ், பெதீமொஸ் என்று மூல உயிரோடுதான் இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுதான் தொர்மாமொஸ் என்று இழுத்துவிடுகிறது. இங்கே சாதாரண நிகழ்காலத்தை நம்பக் கூடாது.

எதை நம்பலாம்? 'செய்துகொண்டு' என்னும் பொருளில் வரும் -யேந்தொ வடிவத்தை. அதை எல்லோரும் சப்ஜங்டிவுக்கு வெகு முன்பே கற்றிருப்பார்கள். துர்மியேந்தொ, ஸின்தியேந்தொ, பிதியேந்தொ, மின்தியேந்தொ, முரியேந்தொ, ஸிர்வியேந்தொ. அங்கே பகுதியில் என்ன உயிரோ, அதே உயிர்தான் 'நாங்கள்' சப்ஜங்டிவிலும். துர்மியேந்தொ, ஆகவே துர்மாமொஸ். பிதியேந்தொ, ஆகவே பிதாமொஸ். அத்கிரீர் (ஈட்டுதல்) என்ற விசித்திர வினைகூட இதற்கு அடங்கும்: தனியாக அத்கியேர என்று திரியும், ஆனால் அத்கிரியேந்தொ, அத்கிராமொஸ்.

இந்தச் சோதனையை -ஈர் வினைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொதேர் என்ற வினையின் -யேந்தொ வடிவம் புதியேந்தொ. அதைப் பார்த்து 'புதாமொஸ்' என்று போனால் பிழை, பொதாமொஸ்தான். -ஈர் வினைகளிலும் வெனீர் (வருதல்) இதற்கு அகப்படாது, காரணம் கீழே வரும்.

காரணம் பழையது. லத்தீனில் 'நாம் தூங்குக' என்பது தொர்மியாமுஸ், 'நாம் உணர்க' என்பது ஸென்தியாமுஸ். விகுதிக்கு முன்னால் ஓர் இகர ஓசை இருந்தது. அது முன்னிருந்த உயிரைத் தன் பக்கம் மேலே இழுத்துவிட்டுத் தான் மறைந்துபோனது. 'திரும்புக' என்ற வினையின் வொல்வாமுஸ் வடிவில் அந்த இகரமே இல்லை, அதனால் வொல்வாமொஸ் இன்றும் ஒகரத்தோடு நிற்கிறது.

மனப்பாடம் செய்ய ஆறு சொல் வேண்டாம், மூன்று போதும். துவேர்ம, துர்மாமொஸ், துர்மியேந்தொ. ஸியேன்த, ஸின்தாமொஸ், ஸின்தியேந்தொ. பீத, பிதாமொஸ், பிதியேந்தொ. -ஈர் வினைகளில் ஒ திரிவது தொர்மீரும் மொரீரும், அவற்றிலிருந்து கிளைத்தவையும்தான். மற்றதெல்லாம் எ. அந்த எகர வினைகளில் ஸென்தீர் வகை, பெதீர் வகை என்ற பிரிவு ஒருமையிலும் ஆறாவது வடிவத்திலும்தான் தெரியும். நான்காவதில் இரண்டுக்கும் இகரமே, வகை மறந்துபோனாலும் அங்கே தப்பு வராது.

அறிகுறி: சொல் சரிதான், கேட்பவர் வேறு எதையோ புரிந்துகொள்கிறார்

ஸென்தார்ஸெ என்றால் உட்காருதல். ஸென்தீர்ஸெ என்றால் (உடம்பு, மனசு) இப்படி இருப்பதாக உணர்தல். இரண்டும் இயே ஆகத் திரியும், விகுதி நேர்மாறாக மாறும். விளைவு:

கியேரொ கெ தெ ஸியேன்தெஸ்: நீ உட்கார வேண்டும் என்கிறேன்.
கியேரொ கெ தெ ஸியேன்தஸ் பியேன்: நீ நன்றாக உணர வேண்டும் என்கிறேன்.

சாதாரண நிகழ்காலத்தில் இது அப்படியே தலைகீழ். தெ ஸியேன்தஸ் என்றால் உட்காருகிறாய், தெ ஸியேன்தெஸ் என்றால் உணர்கிறாய். யோ வடிவம் இரண்டுக்கும் மெ ஸியேன்தொ என்று ஒன்றாகவே இருப்பதால், அதிலிருந்து உருவாக்கும்போது எந்த விகுதி என்று தெரியாமல் நிற்கிறோம். வினையின் மூல வடிவம் -ஆரா, -ஈரா என்பதைக் கூடவே சொல்லிப் பழக வேண்டும். 'நாங்கள்' வடிவத்தில் குழப்பம் தானாகத் தீரும்: ஸென்தேமொஸ் உட்காருவது, ஸின்தாமொஸ் உணர்வது.

கொஸேர் என்ற ஓசைக்கு லத்தீன் அமெரிக்காவில் இரண்டு வினைகள் உண்டு, எழுத்து மட்டும் வேறு. வேகவைப்பது திரியும்: குவேஸ. தைப்பது திரியாது: கோஸ. 'நாங்கள்' வடிவம் இரண்டுக்கும் கொஸாமொஸ்தான், சூழலை வைத்தே கண்டுகொள்ள வேண்டும்.

விகுதி ஓர் எழுத்து மாறினால் வாக்கியமே மாறும் இடம் இன்னொன்று உண்டு, தமிழ்க் காதுக்கு அது எளிதில் பிடிபடும். தீஸெ கெ வுவேல்வெ என்றால் 'திரும்பி வருவதாகச் சொல்கிறார்'. தீஸெ கெ வுவேல்வ என்றால் 'திரும்பி வரச் சொல்கிறார்'. நாம் 'வருவதாக', 'வர' என்று பிரிக்கும் வேலையை ஸ்பானிஷ் கடைசி உயிர் ஒன்றை வைத்து முடித்துவிடுகிறது. கடைசி அசையை விழுங்கிப் பேசும் பழக்கம் இருந்தால் இங்கே சேதம் பெரிது.

அறிகுறி: தியேங்க, வியேங்க

தெனேர் (வைத்திருத்தல்) வினைக்குத் தியேனெஸ், தியேனெ என்று இயே வருவதைப் பார்த்து, சப்ஜங்டிவிலும் இயே போட்டுவிட்டீர்கள். யோ வடிவத்தைச் சொல்லிப் பாருங்கள்: தேங்கொ. அதில் இயே இல்லை. யோ வடிவத்தில் இயே, உவே இல்லையென்றால் சப்ஜங்டிவிலும் அவை எங்கும் வராது. ஆகவே தேங்க, தேங்கஸ், தேங்க, தெங்காமொஸ், தெங்காய்ஸ், தேங்கன். வெனீர் வினைக்கும் அப்படியே: வேங்கொ, வேங்க, வெங்காமொஸ். தெஸீர் (சொல்லுதல்) தீகொ என்பதிலிருந்து தீக, திகாமொஸ். இந்தக் ககரம் ஆறு வடிவத்திலும் ஒட்டிக்கொண்டு வரும், அழுத்தம் எங்கே போனாலும் அதற்குக் கவலையில்லை. -யேந்தொ சோதனை வெனீரில் வேலை செய்யாததும் இதனால்தான்: வினியேந்தொ என்று இருந்தாலும் வெங்காமொஸ்.

அறிகுறி: திரியாத வினையையும் திரிக்கிறேன்

ரெஸ்பொந்தேர் (பதிலளித்தல்) திரியாது: ரெஸ்போந்த. பதில் என்ற பெயர்ச்சொல் ரெஸ்புவேஸ்த என்று உவே காட்டுவதால் ரெஸ்புவேந்த என்று சொல்லத் தோன்றும், ஏமாற வேண்டாம். என்தெந்தேர் திரியும், தெபெந்தேர் (சார்ந்திருத்தல்) திரியாது: தெபேந்த. தெஃபெந்தேர் (காத்தல்) திரியும், ஒஃபெந்தேர் (புண்படுத்துதல்) திரியாது. கொன்தார் திரியும், மொன்தார் (ஏறிச் செல்லுதல்) திரியாது. கொமேர் (உண்ணுதல்) கோம தான்.

வினையின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வழி கிடையாது. சொல்லேட்டில் குறிக்கும்போதே தொர்மீர், துவேர்மொ என்று யோ வடிவத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அறிகுறி: வாயில் சரி, தாளில் சிவப்பு மை

பகுதியும் சரி, விகுதியும் சரி, ஆனால் எழுத்துக்கூட்டலில் மதிப்பெண் போகிறது. விகுதி உயிர் மாறும்போது முன்னால் உள்ள மெய்யின் ஓசை கெட்டுவிடாமல் இருக்க, எழுத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. ஓசை மாறாது என்பதை மறக்காதீர்கள். கைக்கு மட்டும்தான் இந்த வேலை.

எம்பெஸார், அல்மொர்ஸார் (மதிய உணவு உண்ணுதல்) போன்றவை அகரவரிசையின் கடைசி எழுத்தான ஸேதவோடு எழுதப்படும். எகரத்துக்கு முன் அது ஸே எழுத்தாகும்: எம்பியேஸெ, அல்முவேர்ஸெ, அல்மொர்ஸேமொஸ். வேகவைக்கும் கொஸேர், தொர்ஸேர் (முறுக்குதல்) இரண்டுக்கும் நேர்மாறு: மூலத்தில் ஸே, அகர விகுதிக்கு முன் ஸேத.

கொல்கார் (தொங்கவிடுதல்), நெகார் (மறுத்தல்), ஹுகார் (விளையாடுதல்): எகரத்துக்கு முன் ஓர் ஊ எழுத்தை நுழைக்க வேண்டும், அது ஒலிக்காது. குவேல்கெ, நியேகெ, ஹுவேகெ. ஊவை விட்டால் அதற்கு முன்னால் உள்ள ஹே எழுத்து ககரமாக இல்லாமல் ஹகரமாக ஒலிக்கும். ஹுகார் என்ற வினையின் மூலத்தில் ஒகரமே இல்லை, உகரம்தான் உவே ஆகிறது. அழுத்தம் நகர்ந்ததும் உகரத்துக்கே திரும்பும்: ஹுகேமொஸ்.

ஸெகீர் (தொடர்தல்) இதற்கு எதிர்த்திசை. மூலத்தில் ஒலிக்காத ஊ இருக்கிறது, அகர விகுதி வந்ததும் அதற்கு வேலை இல்லை, எடுத்துவிட வேண்டும்: ஸீக, ஸிகாமொஸ். எடுக்காமல் விட்டால் ஸிகுவாமொஸ் என்று படிக்க நேரும். எலெஹீர் (தேர்ந்தெடுத்தல்) வினையில் ஹே எழுத்து ஹோத எழுத்தாக மாறும்: எலீஹ, எலிஹாமொஸ்.

ஒலேர் (மணத்தல்) உவேல என்று ஒலிக்கும்போது முன்னால் ஒலிக்காத ஆச்செ எழுத்து வரும், ஏனென்றால் உவே ஓசையில் தொடங்கும் சொல்லை ஸ்பானிஷ் அது இல்லாமல் எழுதாது. ஒலாமொஸ் என்பதற்கு ஆச்செ வேண்டாம். மிக மோசமானது அவெர்கொன்ஸார் (வெட்கப்படவைத்தல்). அவெர்குவேன்ஸெ என்பதில் ஒகரம் உவே ஆகிறது, அந்த ஊ ஒலிக்க வேண்டும் என்பதற்காக அதன் தலையில் இரண்டு புள்ளி வைக்க வேண்டும், போதாக்குறைக்கு ஸேத வேறு ஸே ஆகிறது. ஒரே சொல்லில் மூன்று பொறி. தேர்வுத்தாள் எடுப்பவர்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை.

அறிகுறி: வினை வடிவம் சரி, ஆனால் வாக்கியமே ஸ்பானிஷ் மாதிரி இல்லை

'நான் தூங்க வேண்டும்', 'நீ தூங்க வேண்டும்'. தமிழில் இரண்டும் ஒரே அமைப்பு, யார் தூங்குவது என்பது மட்டும் மாறுகிறது. ஸ்பானிஷில் இவை இரண்டு வேறு கட்டுமானங்கள். விரும்புபவரும் தூங்குபவரும் ஒருவரே என்றால் மூல வடிவம்: கியேரொ தொர்மீர். வேறு வேறு ஆள் என்றால் கெ போட்டுச் சப்ஜங்டிவ்: கியேரொ கெ துவேர்மஸ். தமிழ் அமைப்பை அப்படியே கொண்டுபோனால் 'கியேரொ தூ தொர்மீர்' என்று வரும், அல்லது எதற்கும் இருக்கட்டும் என்று 'கியேரொ கெ யோ துவேர்ம' என்று வரும். முதலாவது உடைந்த வாக்கியம். இரண்டாவதைக் கேட்பவர் புரிந்துகொள்வார், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

க்ரேயொ கெ துவேர்மெ (தூங்குகிறான் என்று நினைக்கிறேன்) என்பதில் சப்ஜங்டிவ் இல்லை. நோ க்ரேயொ கெ துவேர்ம (தூங்குகிறான் என்று நான் நினைக்கவில்லை) என்பதில் உண்டு. தமிழில் இரண்டுக்கும் 'தூங்குகிறான் என்று' என்பதே போதும் என்பதால் இந்த மாற்றம் தவறிப்போகிறது. தமிழில் ஓரளவு நெருங்கி வருவது '-அட்டும்' வடிவம். கெ துவேர்ம என்று தனியாகச் சொன்னால் 'தூங்கட்டும்' என்பதற்குச் சரியாக உட்காரும். ஒஹலா கெ நோ யுவேவ என்றால் 'மழை வராமல் இருக்கட்டும்'.

அறிகுறி: ஏவலில் சொதப்புகிறது

'தூங்காதே' என்பதை 'நோ துவேர்மெ' என்று சொன்னால் 'அவன் தூங்குவதில்லை' என்று பொருள். எதிர்மறை ஏவல் எல்லாமே சப்ஜங்டிவ்: நோ துவேர்மஸ், நோ பியேன்ஸெஸ், நோ மியேன்தஸ். மரியாதை ஏவல் உடன்பாட்டிலும் சப்ஜங்டிவ்தான்: வுவேல்வ, ஸியேன்தெஸெ. கடையில், அலுவலகத்தில் நாள் முழுக்கக் காதில் விழுவது இந்த வடிவம், பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடையாது.

'உட்காருவோம்' என்பதற்கு ஸென்தேமொஸ் என்பதோடு நொஸ் சேர்க்கும்போது நடுவில் உள்ள ஸ் உதிரும்: ஸென்தேமொனொஸ். அழுத்தம் பழைய அசையிலேயே நிற்பதால் எழுத்தில் அதன் தலையில் அழுத்தக் கோடு போட வேண்டும். துர்மாமொனொஸ், விஸ்தாமொனொஸ் (உடுத்துவோம்) இரண்டும் இதே வழி.

அறிகுறி: ஸ்பானிஷ்காரரே 'தவறாக'ப் பேசுவது காதில் விழுகிறது

புவேதமொஸ், துவேர்மமொஸ் என்று நாட்டுப்புறப் பேச்சில் கேட்டிருக்கலாம். கவனித்தால் அவர்கள் அழுத்தத்தையும் சேர்த்தே பகுதிக்குக் கொண்டுபோயிருப்பார்கள், அதனால்தான் உவே வருகிறது. விதியை மீறும்போதுகூட அழுத்தத்துக்குக் கட்டுப்படுகிறார்கள். பரவலான வழக்கு, ஆனால் படித்தவர் வழக்கில் ஏற்பதில்லை. தேர்விலும் எழுத்திலும் வேண்டாம்.

குவாத்தமாலா, நிகராகுவா போன்ற மத்திய அமெரிக்க நாடுகளில் நெருங்கியவரை வோஸ் என்று அழைப்பார்கள். அங்கே பென்ஸேஸ், பொதாஸ், துர்மாஸ், ஸின்தாஸ், பிதாஸ் என்று கேட்கும். இவை பிழையில்லை. அழுத்தம் விகுதியில் இருப்பதால் 'நாங்கள்' வடிவத்தின் உயிரையே எடுத்துக்கொள்கின்றன. அர்ஜென்டினாவிலும் வோஸ் உண்டு, ஆனால் கெ வரும் வாக்கியத்தில் புவேதஸ், துவேர்மஸ் என்பதே பெரும்பாலும் வரும். எதிர்மறை ஏவலில் மட்டும் நோ பியேன்ஸெஸ், நோ பென்ஸேஸ் இரண்டும் நடமாடும். நீங்கள் எந்த ஊருக்காகக் கற்கிறீர்களோ அந்த ஊர் வழக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரே பேச்சில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

கையோடு ஒரு சோதனை

இந்த ஆறு வாக்கியங்களையும் திருத்திப் பாருங்கள். காரணத்தையும் சொல்ல முடிந்தால்தான் திருத்தியதாகக் கணக்கு.

கியேரொ கெ துவெர்மாமொஸ் தெம்ப்ரானொ. துர்மாமொஸ் வேண்டும்: -ஈர் வினை, அழுத்தம் விகுதியில்.

எஸ்பேரொ கெ புவேதெஸ் வெனீர். பகுதி சரி, விகுதி சாதாரண நிகழ்காலத்தது. புவேதஸ்.

நோ க்ரேயொ கெ பென்ஸாமொஸ் லொ மீஸ்மொ. இதிலும் விகுதிதான். பென்ஸேமொஸ்.

தோம ஏஸ்தொ பர கெ தெ ஸியேன்தெஸ் மெஹோர். மருந்தை நீட்டி 'இன்னும் நன்றாக உட்கார' என்று சொன்ன மாதிரி. உடம்பு தேற என்றால் ஸியேன்தஸ்.

எஸ் நெஸெஸாரியொ கெ தியேங்கஸ் பஸியேன்ஸிய (பொறுமை). யோ வடிவம் தேங்கொ. தேங்கஸ்.

குவாந்தொ வொல்வேமொஸ் அ காஸ, தெ யாமொ. இதில் அவசரப்படாதீர்கள். 'வீடு திரும்பும் போதெல்லாம் உனக்கு போன் பண்ணுகிறேன்' என்று வழக்கத்தைச் சொன்னால் இப்படியே இருக்கலாம். 'வீடு திரும்பியதும் போன் பண்ணுகிறேன்' என்று இனி நடக்கப்போவதைச் சொன்னால் வொல்வாமொஸ்.